வீடு மாற்றித் தரும் சிறு நிறுவனத்தில் கொத்தடிமைத்தனம் நுழையாமல் காப்பது எப்படி?

கேள்வி: கொருக்குப்பேட்டைக்காரர்

அனைவருக்கும் வணக்கம். கொருக்குப்பேட்டையில் ஒரு கிடங்கு வைத்து, வீட்டுச் சாமான்களையும் சிறு அலுவலகங்களையும் இடம் மாற்றித் தரும் தொழில் செய்து வருகிறேன். இரண்டு குட்டியானைகளும் ஒரு பதினான்கு அடி வண்டியும் சொந்தமாக இருக்கின்றன. வெளியூர் லோடு வந்தால் மாதவரத்தில் லாரி பிடித்துக்கொள்கிறோம். லோடுமேன்களில் சிலர் தண்டையார்பேட்டை, வியாசர்பாடிப் பக்கத்துப் பையன்கள். மற்றவர்கள் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஒரு மேஸ்திரி மூலமாக வருகிறார்கள். அவர்களுக்குக் கிடங்கின் பின்பக்கத்தில் தங்குமிடம் கொடுத்திருக்கிறேன்.

இங்கிலாந்தில் தலைமையகம் உள்ள ஒரு நிறுவனம், தன் பணியாளர்களின் வீடு மாற்றும் வேலையை எங்களுக்குத் தருவதற்கு முன் ஒரு படிவத்தை அனுப்பியிருக்கிறது. எங்கள் நிறுவனத்திலும், எங்களுக்கு ஆளும் பொருளும் தருகிறவர்களிடத்திலும் நவீன அடிமைத்தனம் எந்த வடிவிலும் இல்லை என்று உறுதியளித்துக் கையெழுத்திட வேண்டுமாம். கையெழுத்துப் போடுவதற்கு ஒரு நிமிடம் போதும். ஆனால் அந்த வாக்கியத்துக்கு நான் பொறுப்பேற்பதாக இருந்தால், என் கிடங்கில் உண்மையில் என்ன நடக்கிறது என்பதை அறிந்துகொண்டே போட விரும்புகிறேன்.

எனக்குத் தெளிவு தேவைப்படும் இடங்களைச் சொல்கிறேன். இந்தத் தொழிலில் ஆடியிலும் மார்கழியிலும் யாரும் வீடு மாற மாட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். வேலை இல்லாத அந்த மாதங்களில் ஆட்கள் மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு, ஆவணியிலும் தையிலும் வேலை பார்த்துக் கழிக்கிறார்கள். அந்தக் கணக்கு மேஸ்திரியின் நோட்டில் இருக்கிறது. கூலியையும் அவர் கையில்தான் மொத்தமாகக் கொடுத்து வருகிறோம். இது எந்த இடத்தில் கொத்தடிமை முறையாகிறது? வாடிக்கையாளர் சாமான்கள் உள்ளே இருப்பதால், இரவில் ஷட்டரை வெளியே பூட்ட வேண்டும் என்று கிடங்கின் உரிமையாளர் வற்புறுத்துகிறார். அதற்கு என்ன செய்வது? அட்டைப்பெட்டி, மரப்பெட்டி, கம்பளி விற்கிறவர்களைப் பற்றி என்னைப் போன்ற சிறியவன் எந்த அளவுக்கு விசாரிக்க முடியும்?

பதில் 1: பாரிமுனை வழக்கறிஞர்

ஐயா, முதலில் அந்தப் படிவம் ஏன் வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தின் 2015-ஆம் ஆண்டு நவீன அடிமைத்தனச் சட்டத்தின் 54-ஆம் பிரிவின்படி, ஆண்டு விற்றுமுதல் 3 கோடியே 60 லட்சம் பவுண்டும் அதற்கு மேலும் உள்ள நிறுவனங்கள், தங்கள் தொழிலிலும் தங்களுக்கு வழங்குவோரிடத்திலும் அடிமைத்தனத்தைத் தடுக்க என்ன செய்தன என்று ஆண்டுதோறும் அறிக்கை வெளியிட வேண்டும். அந்தச் சட்டம் உங்களை நேரடியாகக் கட்டாது. உங்களைக் கட்டுவது நம் நாட்டுச் சட்டம். அது இங்கிலாந்துச் சட்டத்தைவிடப் பழையது, பல இடங்களில் அதைவிடக் கடுமையானது.

கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் 1976-இல் வந்தது. முன்பணம் கொடுத்தாலே குற்றம் என்று அது சொல்லவில்லை. முன்பணம் வாங்கிய ஒரே காரணத்துக்காக ஒருவர் கூலியில்லாமலோ பெயரளவுக் கூலிக்கோ உழைக்க வேண்டியிருந்தால், அல்லது வேறிடத்தில் வேலைக்குப் போகும் உரிமையை இழந்தால், அல்லது விரும்பிய ஊருக்குப் போய்வர முடியாமற்போனால், அது கொத்தடிமை முறை. இவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலே போதும். அடித்தார்களா, கட்டிவைத்தார்களா என்று சட்டம் கேட்பதில்லை. பெயரளவுக் கூலி என்பதும் நமக்குத் தோன்றுகிற அளவு அன்று. அரசு அறிவித்த குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே போனால் அது பெயரளவுக் கூலிதான். ஆசிய விளையாட்டுப் போட்டிக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் 1982-இல் உச்ச நீதிமன்றமும், குறைந்தபட்ச ஊதியத்துக்குக் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவது அரசியலமைப்பின் 23-ஆவது உறுப்பு தடை செய்யும் கட்டாய உழைப்பே என்று தீர்ப்பளித்துவிட்டது.

மேஸ்திரியின் நோட்டு உங்களைக் காப்பாற்றாது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு தொழிலாளர் தன் கடன் கொத்தடிமைக் கடன் என்று சொன்னால், அது அப்படி இல்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு கடன் கொடுத்தவர் மேல் விழுகிறது. அது கொத்தடிமைக் கடன்தான் என்றால் திருப்பித் தர வேண்டிய கடமையே இல்லாமற்போகிறது. கொத்தடிமையாக வேலை வாங்கினால் மூன்றாண்டு வரை சிறையும், 2,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. அபராதத் தொகையைப் பார்த்து யாரும் இதை இலேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

2025 நவம்பர் 21 முதல் ஊதியத் தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. மாதக் கூலி அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள் கொடுக்கப்பட வேண்டும். ஒருவர் வேலையை விட்டு விலகினாலோ விலக்கப்பட்டாலோ இரண்டு வேலை நாள்களுக்குள் கணக்கை முடித்துவிட வேண்டும். எல்லாப் பிடித்தங்களும் சேர்ந்து கூலியில் பாதியைத் தாண்டக் கூடாது. கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி. கண்ணாடி உடைந்தது, பீரோ நசுங்கியது என்று கூலியில் கை வைப்பது உங்கள் தொழிலில் மிகவும் சாதாரணமாக நடக்கிறது. அந்த ஆளின் கவனக்குறைவால்தான் சேதம் நேர்ந்தது என்பது தெளிவாக இருந்து, அவர் தரப்பைச் சொல்ல வாய்ப்பும் கொடுத்த பிறகே பிடிக்க முடியும். அப்போதும் சேதத்தின் மதிப்புக்கு மேல் ஒரு ரூபாயும் பிடிக்கக் கூடாது. பத்துப் பேரிடமும் சமமாகப் பங்கிட்டுக் கழிப்பதற்குச் சட்டத்தில் இடமே இல்லை.

ஷட்டரைப் பற்றி ஒரே வரியில் சொல்கிறேன்: உள்ளே மனிதர்கள் தூங்கும்போது வெளியே பூட்டாதீர்கள், எந்தக் காரணத்துக்காகவும்.

பதில் 2: மாதவரம் லாரிக்காரர்

வழக்கறிஞர் ஐயா சொன்னதற்கு நான் சட்டம் எதையும் சேர்க்கப் போவதில்லை. நானும் இதே தொழிலில் இருக்கிறேன். எங்கள் கிடங்கில் எப்படி நடத்துகிறோம் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

அண்ணா, உங்கள் கேள்வியிலேயே விடை இருக்கிறது. ஆடியும் மார்கழியும்தான் நம் தொழிலின் வாசல். கடன் அதன் வழியாகத்தான் நுழைகிறது. வேலை இல்லாத மாதத்தில் ஆள் சாப்பிட வேண்டும், ஊரில் உள்ள குடும்பத்துக்கும் அனுப்ப வேண்டும். மேஸ்திரி கொடுக்கிறார். ஆவணியில் முகூர்த்த நாள் பார்த்து ஒரே நாளில் நான்கு வீடு வரும்போது, அந்த ஆள் களைத்துப்போனாலும் மறுக்க முடியாது, வேறு கிடங்கில் நல்ல கூலி கிடைத்தாலும் போக முடியாது. மேஸ்திரிகளின் நோட்டைப் பிரித்துப் பார்த்திருக்கிறீர்களா? இடப்பக்கம் பெயர், அடுத்து முன்பணம், அடுத்து சாப்பாடு, ரயில் டிக்கெட், மருந்து, செல்போன் ரீசார்ஜ் என்று வரிசையாக இருக்கும். வலது ஓரத்தில் உள்ள பாக்கித் தொகையை மட்டும் மாதம் மாதமாகப் பின்தொடர்ந்து படியுங்கள். ஆள் உழைக்க உழைக்க அந்தத் தொகை குறைந்துகொண்டு வந்தால் அது கடன். ஆறு மாதம் ஆகியும் அதே இடத்தில் நின்றாலோ ஏறினாலோ, அங்கே வேறு ஏதோ நடக்கிறது.

ஆகவே நாங்கள் முன்பணத்தை மேஸ்திரியின் கையிலிருந்து நிறுவனத்தின் கைக்கு மாற்றிவிட்டோம். வேலை குறைந்த மாதங்களில் குறைந்தது இத்தனை நாளுக்குக் கூலி உண்டு என்று உறுதி கொடுத்து, அந்த நாள்களில் வண்டி பழுது, கம்பளி துவைப்பது, பெட்டி சீர் செய்வது, கிடங்கு ஒழுங்கு என்று வேலை வைக்கிறோம். அதற்கு மேலும் யாருக்காவது பணம் தேவைப்பட்டால் வட்டியில்லாமல், ஒரு மாதக் கூலிக்கு மிகாமல் தருகிறோம். ஆள் வேலையை விட்டுப் போனால், மீதி உள்ள முன்பணத்தைக் காட்டி அவரைத் தடுப்பதில்லை, அவர் கூலியை நிறுத்தி வைப்பதுமில்லை. "அப்படியானால் வாங்கிக்கொண்டு ஓடிவிட மாட்டார்களா" என்று எல்லா முதலாளிகளும் கேட்கிறார்கள். சிலர் போகிறார்கள். அந்த நட்டத்தைத் தொழிலின் செலவாக எழுதிக்கொள்ளத்தான் வேண்டும். அது வேண்டாம் என்றால் முன்பணமே கொடுக்காமல், வேலையில்லாக் காலத்துக்கு உறுதிக்கூலி கொடுப்பதே நேர்மையான வழி.

அடுத்து மேஸ்திரி. ஆளுக்கு இவ்வளவு என்று அவருக்கு உரிய தரகை நிறுவனமே தனியாகக் கொடுத்துவிட வேண்டும். ஆளின் கூலியிலிருந்து ஒரு ரூபாய்கூட அவருக்குப் போகக் கூடாது. கூலியை ஒவ்வொருவருடைய வங்கிக் கணக்கிலும் நேரடியாகப் போடுங்கள். இத்தோடு முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். ஏடிஎம் அட்டை யார் பையில் இருக்கிறது, கணக்கோடு இணைத்த செல்போன் எண் யாருடையது, ஓடிபி யாருக்குப் போகிறது என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். ஐந்து பேரின் வங்கிக் கணக்கும் மேஸ்திரியின் ஒரே எண்ணில் இணைந்திருந்தால், பணம் வங்கி வழியாகப் போனதில் என்ன பயன்? ஆதார் அட்டைக்கும் இதே விதிதான். நகல் எடுத்துக்கொண்டு அசலை அந்த நிமிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும். பாதுகாப்புக்காக வைத்திருக்கிறேன் என்று சொல்பவரிடமும் கொடுத்து வைக்கக் கூடாது. ஆளுக்கொரு சிறிய பூட்டுப் பெட்டி வாங்கிக் கொடுத்தால் அந்தப் பேச்சே எழாது.

கிடங்குப் பூட்டுக்கு எளிய ஏற்பாடு உண்டு. சாமான் வைக்கும் பகுதியைக் கம்பி வலையால் தனியே தடுத்து அதைப் பூட்டிக்கொள்ளுங்கள். ஆட்கள் தங்கும் பகுதிக்குத் தனி வாசல் வையுங்கள். தாழ்ப்பாளும் சாவியும் உள்ளே இருக்கட்டும். நம் கிடங்குகளில் அட்டையும் தெர்மாகோலும் பிளாஸ்டிக் சுருளும் கூரை வரை அடுக்கிக் கிடக்கின்றன. இரவில் ஒரு மின்கசிவு ஏற்பட்டால் வெளிப்பூட்டைத் திறக்கச் சாவியோடு யார் ஓடி வருவார்கள்?

இன்னொன்றையும் வாடிக்கையாளர் நிறுவனத்திடம் கேளுங்கள். நம்மிடம் உறுதிமொழி கேட்கும் பெரிய நிறுவனங்களில் பல, பில் கொடுத்த பிறகு அறுபது நாள், தொண்ணூறு நாள் கழித்துத்தான் பணம் தருகின்றன. ஏழாம் தேதி கூலி போட நம் கையில் பணம் இல்லாவிட்டால் மறுபடியும் மேஸ்திரியின் நோட்டுக்குத்தான் போக வேண்டும். உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) உள்ள குறு, சிறு நிறுவனத்துக்கு, ஒப்பந்தத்தில் எத்தனை நாள் எழுதியிருந்தாலும், 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுக் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டம் சொல்கிறது. தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. படிவத்தைத் திருப்பி அனுப்பும்போது இதையும் எழுதுங்கள். எங்கள் விலை கூலிக்கும் கூடுதல் நேரத்துக்கும் போதும்படி கணக்கிடப்பட்டது, ஆகவே அதற்குக் கீழே இறங்க முடியாது என்றும் எழுதுங்கள். மிகக் குறைந்த விலை சொல்பவருக்கு வேலையைக் கொடுத்துவிட்டு, அவரிடமே அடிமைத்தனம் இல்லை என்ற கையெழுத்தையும் கேட்பது எந்த வகையில் நியாயம்?

கொருக்குப்பேட்டைக்காரர்

இருவருக்கும் மிக்க நன்றி. நோட்டின் வலது ஓரத்தைப் பாருங்கள் என்று சொன்னது எனக்கு மிகவும் பயன்படும். மேஸ்திரியிடம் இன்றே நோட்டைக் கேட்டிருக்கிறேன், தரத் தயங்குகிறார். வண்டிக்காரர்கள், பொருள் விற்பவர்கள் பற்றியும் யாராவது சொன்னால் நல்லது. இன்னொரு கேள்வியும் எழுகிறது. விசாரிக்கும்போது உண்மையாகவே யாரோ ஒருவர் சிக்கியிருப்பது தெரிந்தால், உடனே அந்த மேஸ்திரியோடு தொடர்பை அறுத்துவிடுவதுதான் முறையா?

பதில் 3: சங்கத் தோழர்

தோழர், கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். மேஸ்திரியை அன்றைக்கே விரட்டிவிட்டால் அவர் ஆட்களையும் கூட்டிக்கொண்டு இரவோடு இரவாக வேறு ஊருக்குப் போய்விடுவார். கடனும் அவர்களோடு போகும். உங்கள் கிடங்கு சுத்தமாகிவிடும், அந்த மனிதர்களின் நிலை மட்டும் மாறாது. முதலில் அவர்களைத் தனியே பார்த்துப் பேசுங்கள். மேஸ்திரியோ அவருடைய உறவினரோ பக்கத்தில் இருக்கக் கூடாது; மொழிபெயர்க்கவும் அவர்களை அழைக்கக் கூடாது. இந்தி பேசத் தெரிந்தவர்கள் சௌகார்பேட்டையில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். உங்களுக்கு நம்பிக்கையான ஒருவரை அழைத்துக்கொள்ளுங்கள். "உனக்கு ஏதாவது பிரச்சினையா" என்று கேட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். "நாளைக்கு ஊருக்குப் போக நினைத்தால் யாரிடம் கேட்க வேண்டும்? கையில் எவ்வளவு கிடைக்கும்?" என்று கேளுங்கள். "போக முடியாது, கணக்கு இருக்கிறது" என்ற பதில் வந்தால், நீங்கள் அதற்கு மேல் தோண்ட வேண்டியதே இல்லை.

அதன் பிறகு அது மாவட்ட ஆட்சியரின் வேலை. கொத்தடிமைகளை விடுவித்து விடுதலைச் சான்றிதழ் வழங்கும் அதிகாரம் வருவாய்த் துறையிடம் உள்ளது. உங்கள் கிடங்குக்குச் சென்னை ஆட்சியர் அலுவலகம், ராஜாஜி சாலையில்தான் இருக்கிறது. மாதவரமும் திருவொற்றியூரும் இப்போது சென்னை மாவட்டத்துக்குள் வந்துவிட்டன. ஆனால் செங்குன்றத்தில் கிடங்கு வைத்திருப்பவர் திருவள்ளூர் ஆட்சியரிடம் போக வேண்டும். விடுதலைச் சான்றிதழ் ஒருவர் கைக்கு வந்தால் அவருடைய கடன் அழிகிறது. மறுவாழ்வுத் திட்டத்தின்கீழ் உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை கிடைக்க வழியிருக்கிறது. சான்றிதழ் இல்லாமல் நல்லெண்ணத்தோடு ரயில் ஏற்றி அனுப்பிவிட்டால், மேஸ்திரியின் ஆள் ஊரில் போய் அதே கடனைக் கேட்பார். கட்டணமில்லாச் சட்ட உதவிக்கு 15100, சிறுவர் யாரேனும் வேலையில் இருந்தால் 1098. இந்த எண்களை இந்தியிலும் ஒடியாவிலும் எழுதித் தங்குமிடச் சுவரில் இப்போதே ஒட்டி வையுங்கள். மேஸ்திரி ஆட்களுக்குத் தர வேண்டிய கூலிப் பாக்கி இருந்தால் அதை நீங்களே ஆட்களிடம் நேரடியாகக் கொடுத்துவிடுங்கள். ஒப்பந்ததாரர் தராவிட்டால் கூலிக்குப் பொறுப்பு நிறுவனத்துக்கு வருகிறது.

பொருள் விற்பவர்களைப் பொறுத்தவரை எல்லாரையும் ஒரே அளவில் விசாரிக்க உங்களால் முடியாது, தேவையும் இல்லை. பபிள் ரேப்பும் டேப்பும் பெரிய ஆலைகளிலிருந்து வருகின்றன. அதில் உங்கள் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். முதலில் மரப்பெட்டியைப் பாருங்கள். 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேரை வருவாய்த் துறையினர் மீட்டார்கள். குழந்தைகளும் அவர்களில் இருந்தார்கள். சிறு தொகை முன்பணத்துக்காகக் குடும்பம் குடும்பமாக ஆண்டுக்கணக்கில் அங்கேயே கிடந்தவர்கள். நம் பக்கத்து மாவட்டங்களில் இப்படிச் சிக்குபவர்களில் இருளர் குடும்பங்களே அதிகம். ஆகவே பெட்டி செய்து தருபவரிடம், மரம் எந்த வாடியிலிருந்து வருகிறது, வெட்டுபவர்கள் யார், அவர்களுக்குக் கூலி வாரம் வாரம் கிடைக்கிறதா என்று கேளுங்கள். ஒருமுறை அந்த வாடிக்கே நேரில் போய்ப் பாருங்கள். வெட்டும் இடத்திலேயே குடிசை போட்டுக் குடும்பத்தோடு தங்கியிருந்தால், பள்ளிக்கூட நேரத்தில் பிள்ளைகள் அங்கே நிற்கிறார்களா என்று கவனித்தாலே பாதி தெரிந்துவிடும்.

அடுத்து பழைய அட்டைப்பெட்டி. கொடுங்கையூர், வியாசர்பாடிப் பக்கத்துப் பழைய பேப்பர் கடைகளில் தரம் பிரிக்கும் வேலையில் பதினான்கு வயதுக்குக் கீழே பிள்ளைகள் இருந்தால், அங்கே வாங்குவதை நிறுத்துவதோடு விடாமல் 1098-க்குச் சொல்லுங்கள். லாரி பிடிக்கும்போது க்ளீனரின் வயதைப் பாருங்கள். ஓட்டுநருக்குத் தூங்க நேரம் விட்டு டெலிவரி நாளைக் குறியுங்கள். "நாளைக் காலை பெங்களூரில் சாமான் இறங்க வேண்டும்" என்று வாடிக்கையாளரிடம் நாம் ஒப்புக்கொள்ளும் அந்த நேரத்திலேயே ஓட்டுநரின் இரவைப் பறித்துவிடுகிறோம்.

உள்ளூர்ப் பையன்களை மறந்துவிடாதீர்கள். வெளிமாநிலத்தார் மட்டும்தான் சிக்குவார்கள் என்று நினைப்பது தவறு. வியாசர்பாடியில் தண்டல்காரரிடம் வாங்கிய பணத்துக்காக, முதலாளியே தண்டல் கட்டிவிட்டு ஆளைப் பிடித்து வைப்பதும் நடக்கிறது. அனைவரையும் உடலுழைப்புத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்யச் சொல்லுங்கள். பத்துப் பேர் ஆகிவிட்டால் இஎஸ்ஐ கட்டாயம். குடும்ப அட்டை ஊரில் இருந்தாலும், ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் இங்கேயே அரிசி வாங்கிக்கொள்ளலாம் என்பது பீகார் ஆட்கள் பலருக்குத் தெரியாது. மேஸ்திரியிடம் சாப்பாட்டுக் கணக்கு ஏறுவதை அது ஓரளவு குறைக்கும்.

மாதவரம் லாரிக்காரர்

தோழர் சொன்னதில் ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். ஆண்டுக்கு ஒருமுறை ஊருக்குப் போய்வரும் ரயில் செலவை நிறுவனமே கொடுத்துவிடுங்கள். அந்தச் செலவைத் தரச் சொல்லும் சட்டப் பகுதி, பத்து வெளிமாநிலத் தொழிலாளர் இருந்தால்தான் பொருந்தும் என்கிறார்கள். எங்களிடம் அதைவிடக் குறைவாகத்தான் இருக்கிறார்கள், ஆனாலும் கொடுக்கிறோம். டிக்கெட் பணம்தான் பல நோட்டுகளில் முதல் கடன்.

பாரிமுனை வழக்கறிஞர்

படிவத்தைப் பற்றி ஒரு சொல். "எந்த வடிவிலும் இல்லை" என்ற முழு உறுதியை யாராலும் நேர்மையாகக் கொடுக்க முடியாது. மரம் வெட்டும் இடம் வரை நீங்கள் பார்த்துக்கொண்டே இருக்க முடியாது. அந்த வாக்கியத்தை அடித்துவிட்டு, நீங்கள் எவற்றைச் சரிபார்த்தீர்கள், எவற்றை இன்னும் சரிபார்க்கவில்லை, குறை கண்டால் எத்தனை நாளில் தெரிவிப்பீர்கள் என்பதைத் தேதியோடு எழுதிக் கொடுங்கள். ஒழுங்காக நடக்கும் நிறுவனம் அதை ஏற்றுக்கொள்ளும். மேஸ்திரியோடு எழுத்து ஒப்பந்தமும் போடுங்கள்: கூலி நேரடி, தரகு நிறுவனத்தின் செலவு, முன்பணம் அவர் கொடுக்கக் கூடாது, ஆவணங்களைத் தொடக் கூடாது, கணக்கை நீங்கள் கேட்டபோதெல்லாம் காட்ட வேண்டும். நோட்டைக் காட்டத் தயங்குகிறார் என்கிறீர்கள். அதைக் காட்டும் வரை அவர் மூலம் புது ஆள் எடுக்காதீர்கள். இப்போது இருக்கிறவர்களின் கூலியை மட்டும் இந்த மாதத்திலிருந்தே நேரடியாகக் கொடுக்கத் தொடங்குங்கள்.

கொருக்குப்பேட்டைக்காரர்

அப்படியே செய்கிறேன். வங்கிக் கணக்கு இல்லாதவர்களுக்குத் தொடங்கித் தருவதற்குத் தண்டையார்பேட்டையில் ஒரு கிளையில் பேசியிருக்கிறேன். அவரவர் செல்போன் எண்ணையே இணைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். கம்பி வலைத் தடுப்புக்கு வெல்டிங் பட்டறையில் அளவு கொடுத்தாயிற்று. கிடங்கு உரிமையாளரும் அந்த ஏற்பாட்டுக்குச் சம்மதித்துவிட்டார். இந்திக்கு ஆள் கிடைத்துவிடும். என்னிடம் இருப்பவர்களில் நான்கு பேர் ஒடியா மட்டும் பேசுகிறார்கள், அவர்களைத் தவிர மற்றவர்களிடம் இந்த ஞாயிற்றுக்கிழமை பேசப் போகிறேன். ஒடியா தெரிந்த, மேஸ்திரிக்கு வேண்டியவர் அல்லாத ஒருவர் வடசென்னையில் யாருக்காவது தெரிந்தால் இங்கே எழுதுங்கள்.

சங்கத் தோழர்

எண்ணூரில் எங்கள் சங்கத்தில் ஒடிசாவைச் சேர்ந்த தோழர் ஒருவர் இருக்கிறார். பல ஆண்டுகளாக இங்கேயே குடியிருப்பவர், தமிழும் நன்றாகப் பேசுவார். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அழைத்து வருகிறேன். அந்த நேரத்தில் மேஸ்திரிக்கு வெளியே ஏதாவது வேலை வைத்துவிடுங்கள்.